‘ககாஃபனி’ன்னா வெறும் சத்தம்தானா? ஓர் இசையமைப்பாளரின் தூக்கத்தைக் கெடுத்த வார்த்தையின் கதை

“அண்ணா, ககாஃபனின்னா என்ன அர்த்தம்?”

ஐடி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் சித்தி மகள், போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்வி இது. அர்த்தம் வேண்டுமென்றால் கூகுளில் இரண்டு நொடியில் கிடைத்துவிடும். இவள் அந்த நேரத்தில் என்னைக் கேட்கிறாள் என்றால் வேறு ஏதோ நடந்திருக்கிறது. “என்னம்மா ஆச்சு?” என்று போன் போட்டேன்.

நடந்தது இதுதான். அன்று மாலை ஒரு வீடியோ கால். வாடிக்கையாளருக்கு சாஃப்ட்வேரை ஒப்படைக்கும் தேதி பற்றிப் பேச்சு. ‘டெஸ்டிங் இன்னும் பாக்கி இருக்கு, அந்தத் தேதிக்கு முடியாது’ என்று சொல்வதற்காக ஜூனியர்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில் மைக்கை ஆன் செய்திருக்கிறார்கள். உடனே மேனேஜர், “டூ மச் ககாஃபனி. எல்லாரும் மியூட் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டாராம். எல்லோரும் மியூட். தேதி மாறவில்லை.

“டிக்‌ஷனரி பார்த்துட்டேன்ணா. காதுக்குப் பிடிக்காத இரைச்சல்னு போட்டிருக்கு. ஆனா நாங்க கத்தவே இல்லையே? மூணு பேரும் மெதுவாத்தான் பேசினோம்” என்றாள்.

நல்ல கேள்வி. மெதுவாகப் பேசினாலும் அது ககாஃபனி ஆகுமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், அந்த வார்த்தை எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் கையில் இருக்கும் சொந்தக்காரர்

ககாஃபனி கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். ‘ககோஸ்’ என்றால் மோசமான, கெட்ட என்று பொருள். ‘ஃபோனே’ என்றால் குரல், ஒலி. இரண்டும் சேர்ந்தது ‘ககோஃபோனியா’. நேரடியாகச் சொன்னால் ‘கெட்ட ஒலி’.

அந்த ‘ஃபோனே’ வேறு யாருமில்லை. இந்தக் கட்டுரையை எதில் படித்துக்கொண்டிருக்கிறீர்களோ, அதேதான். ‘டெலி’ என்றால் தூரம். தூரத்துக் குரலைக் கேட்க வைப்பது டெலிஃபோன். அதைச் சுருக்கி ஃபோன் ஆக்கி, முன்னால் ‘ஸ்மார்ட்’டை ஒட்டிக்கொண்டோம்.

இந்தக் குடும்பம் பெரிசு. மைக்ரோஃபோன், மெகாஃபோன், கிராமஃபோன் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் உருவாக்கிய வாத்தியம், அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டு சாக்ஸஃபோன் ஆனது. பல ஒலிகள் சேர்ந்து இசைத்தால் சிம்ஃபனி. ‘சின்’ என்றால் சேர்ந்து. காதுக்கு இனிமையாக இருந்தால் யூஃபனி. ‘யூ’ என்றால் நல்ல. ஆக, ககாஃபனிக்கு நேர் எதிர்ச்சொல் யூஃபனி.

தந்தை வழி இப்படி என்றால், தாய் வழியான ‘ககோஸ்’ குடும்பம் கொஞ்சம் ரகளையானது. படிக்கவே முடியாத கையெழுத்துக்கு ‘ககாக்ரஃபி’ என்று பெயர். புற்றுநோய் போன்ற கடும் நோய்களில் உடம்பு உருகி மெலிந்துபோவதை டாக்டர்கள் ‘ககெக்ஸியா’ என்பார்கள். உடலின் மோசமான நிலை என்று அர்த்தம். இருப்பதிலேயே மோசமானவர்கள் கையில் ஆட்சி போய்ச் சேர்ந்தால் அதற்கும் ஒரு சொல் உண்டு: ‘ககிஸ்டாக்ரசி’. பதினேழாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் தலைகாட்டிய இந்தச் சொல், சமீப வருடங்களில் அமெரிக்க அரசியல் சண்டைகளில் மறுபடி தூசி தட்டி எடுக்கப்பட்டது.

காக்காவா, கக்காவா?

‘ககாஃபனி’யைக் கேட்டதும் நமக்கு காக்கா ஞாபகம் வருவது இயல்புதான். காலையில் மொட்டை மாடியில் பத்துக் காக்கா சேர்ந்து கத்தினால் அதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது. ஆனால் இரண்டுக்கும் ஒரு உறவும் இல்லை. காக்கை என்ற பெயர், அது கரையும் ஒலியிலிருந்து வந்தது. ககாஃபனியில் இருப்பது அந்தக் ‘கா’ இல்லை.

அப்படியென்றால் அந்த ‘கக’ எங்கிருந்து வந்தது? இங்கேதான் சிரிப்பு. மலம் கழிப்பதைக் குறிக்கும் மிகப் பழைய குழந்தைச் சொல் ஒன்றிலிருந்து ‘ககோஸ்’ பிறந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு ஆய்வாளர்களின் ஊகம். லத்தீனிலும் அதே வேரில் ஒரு வினைச்சொல் உண்டு. நம் வீட்டுக் குழந்தைகள் “கக்கா வருது” என்று சொல்வதும் ஏறக்குறைய அதே ஒலிதான். தமிழுக்கும் கிரேக்கத்துக்கும் இதில் சொந்தம் கொண்டாடிவிட முடியாது. பச்சைக் குழந்தைகளின் வாயில் எளிதாக வரும் ஒலிகள் பல மொழிகளில் ஒரே மாதிரி அமைந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் “ச்சீ” என்று முகத்தைச் சுளிக்கும் ஒரு உணர்ச்சி இந்த வார்த்தையின் அடியில் கிடக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரு எச்சரிக்கை: ‘கக’ என்று தொடங்குவதெல்லாம் கெட்டது இல்லை. சாக்லேட் தரும் ‘ககாவ்’, மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து வந்தது. அதைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

முதலில் அது ஹாரன் சத்தத்துக்கு இல்லை

கிரேக்கத்திலிருந்து லத்தீன் வடிவம் வழியாக பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து 1650-களில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது இந்தச் சொல். நாம் இன்று டிராஃபிக் ஜாமுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் பயன்படுத்துகிறோம். ஆனால் ஆரம்பத்தில் இது மொழியைப் பற்றிய சொல். எழுத்திலோ பேச்சிலோ காதை உறுத்தும்படி சொற்களை அடுக்கினால் அதற்குப் பெயர் ககாஃபனி.

எப்படி இருக்கும்? ஒரு அலுவலகக் கடிதத்தில் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘கட்டப்பட்ட கட்டடத்துக்குக் கட்டணம் கட்டக் கட்டாயப்படுத்தப்பட்டார்.’ இலக்கணத்தில் தப்பே இல்லை. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பல் கழன்றுவிடும். அதுதான் பழைய அர்த்தத்தில் ககாஃபனி. சத்தமே இல்லாமல் மனசுக்குள் படித்தாலும் உறுத்தும்.

இன்றும் ஆங்கில இலக்கிய வகுப்புகளில் இந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. க், ட், ப் மாதிரி வெடித்து வரும் மெய்களைக் கவிஞர்கள் வேண்டுமென்றே குவித்து, போர்க்களம், புயல், கோபம் போன்றவற்றைக் காதில் கேட்க வைப்பார்கள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எழுத்துக்களையே ஒலியின் தன்மையால் பிரித்த மொழி நம்முடையது என்பதால், இது நமக்கு எளிதாகப் புரியும். தொல்காப்பியம் செய்யுளின் ஓசை வகைகளைச் சொல்லும்போது ‘வல்லிசை வண்ணம்’, ‘மெல்லிசை வண்ணம்’ என்று தனித்தனியாகவே பெயர் சொல்கிறது. அங்கே வல்லிசை குற்றம் இல்லை, ஒரு வகை.

நாய்ஸ்னு சொன்னா போதாதா?

ஆங்கிலத்தில் சத்தத்துக்கு நிறைய சொற்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்.

நாய்ஸ்: பொதுச்சொல். பழைய பிரெஞ்சில் இதற்குச் சண்டை, தகராறு என்ற பொருளும் உண்டு. கப்பல் பயணத்தில் வரும் குமட்டலைக் குறிக்கும் ‘நாசியா’விலிருந்து இது வந்திருக்கலாம் என்கிறார்கள். நாய்ஸை அளக்க முடியும். நம் நாட்டின் ஒலி மாசு விதிகள் (2000), குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. மீட்டரை நீட்டினால் தெரிந்துவிடும்.

டின்: விடாமல் காதில் மோதும் பெரும் சத்தம். ஃபேக்டரி, கட்டட வேலை நடக்கும் இடம்.

கிளாமர்: பலர் கூடி எதையோ கேட்டுக் கூச்சலிடுவது. லத்தீனில் ‘கூவுதல்’ என்ற பொருளுள்ள வேர். சினிமாவில் சொல்லும் கிளாமர் வேறு, இது வேறு.

பாண்டமோனியம்: 1667-இல் வெளியான ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் ஜான் மில்டன் நரகத்தின் தலைநகருக்கு வைத்த பெயர். பேய்களெல்லாம் கூடும் இடம். இன்று எந்தப் பெரும் அமளிக்கும் அதே பெயர்.

டிஸ்ஸனன்ஸ்: இசைக்காரர்களின் சொல். ஒன்றோடொன்று உரசும் ஸ்வரங்கள். இது தப்பு இல்லை, ஒரு கருவி. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் குளியலறைக் காட்சியில் வயலின்கள் கிறீச்சிடுமே, அதை பெர்னார்ட் ஹெர்மன் தெரிந்துதான் அப்படி அமைத்தார். அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று முதலில் நினைத்த ஹிட்ச்காக், அதைக் கேட்ட பிறகு மனசை மாற்றிக்கொண்டார்.

இப்போது ககாஃபனி எங்கே வித்தியாசப்படுகிறது என்று பாருங்கள். நாய்ஸ் அளவைச் சொல்கிறது. டிஸ்ஸனன்ஸ் அமைப்பைச் சொல்கிறது. ககாஃபனியின் பெயரிலேயே ‘கெட்ட’ என்ற தீர்ப்பு உட்கார்ந்திருக்கிறது. அதை எந்த மீட்டராலும் அளக்க முடியாது. கேட்பவர் முகம் சுளித்தால் அது ககாஃபனி. சுளிக்காவிட்டால் இல்லை.

ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸ் படித்தவர்களுக்கு இது உடனே புரியும். அதில் வரும் கிராமத்துப் பாடகனுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் ஆந்தியா பெல்லும் டெரெக் ஹாக்ரிட்ஜும் வைத்த பெயர் ‘ககாஃபோனிக்ஸ்’. பிரெஞ்சு மூலத்தில் அவன் பெயர் வேறு. தான் ஒரு மேதை என்பது அவன் எண்ணம். கிராமமே அதை ஏற்கவில்லை. கடைசிப் பக்க விருந்தில் பெரும்பாலும் அவனைக் கட்டிப்போட்டு, வாயை அடைத்துவிட்டுத்தான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள். காமிக்ஸில் அது சிரிப்பு. நிஜத்தில் ஒருவருக்கு அது சிரிப்பாக இல்லை.

மாஸ்கோ, 1936

திமித்ரி ஷோஸ்டகோவிச். சோவியத் ரஷ்யாவின் இளம் நட்சத்திர இசையமைப்பாளர். அவருடைய ‘எம்ட்சென்ஸ்க் மாவட்டத்து லேடி மேக்பெத்’ என்ற ஆப்பரா 1934 ஜனவரியில் லெனின்கிராடில் அரங்கேறி, பெரிய வெற்றி பெற்றது. இரண்டு வருடம் ஓடியது. வெளிநாட்டு மேடைகளுக்கும் போனது.

1936 ஜனவரி 26 அன்று மாஸ்கோவில் அதைப் பார்க்க ஸ்டாலின் வந்தார். முடிவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 28 அன்று, கட்சிப் பத்திரிகையான ‘ப்ராவ்தா’வில் ஒரு கட்டுரை. தலைப்பு: ‘இசைக்குப் பதில் குழப்பம்’. எழுதியவர் பெயர் இல்லை. பெயர் இல்லை என்றால் கட்சியே பேசுகிறது என்று அர்த்தம். பாட்டுக்குப் பதில் அலறல் கேட்கிறது, குழப்பம் சில இடங்களில் ககாஃபனியாகவே மாறிவிடுகிறது என்றது கட்டுரை. ஆம், ரஷ்ய மொழியிலும் அதே கிரேக்கச் சொல்தான். இந்த விளையாட்டு மிக மோசமாக முடியக்கூடும் என்ற மிரட்டலும் கூடவே இருந்தது.

கச்சேரி ஒன்றுக்காக வடக்கே அர்ஹாங்கெல்ஸ்க் நகருக்குப் போயிருந்த ஷோஸ்டகோவிச், அந்தப் பத்திரிகையை அங்கேதான் வாங்கிப் படித்தார். அப்போது அவருக்கு வயது 29.

அதற்கு முந்தின நாள் வரை அதே ஒலிகள்தான். அதே ஸ்வரங்கள், அதே வாத்தியங்கள். இரண்டு வருடம் கைதட்டல் வாங்கிய இசை, ஒரு காலைப் பதிப்பில் ககாஃபனி ஆகிவிட்டது. ஆப்பரா மேடைகளிலிருந்து மறைந்தது. முன்பு புகழ்ந்து எழுதிய விமர்சகர்கள், ‘நாங்கள் தவறாகக் கேட்டுவிட்டோம்’ என்கிற மாதிரி பின்வாங்கினார்கள். அந்த வருட இறுதியில், ஒத்திகையில் இருந்த தன் நான்காவது சிம்ஃபனியை ஷோஸ்டகோவிச் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1937 ஜூனில் அவருடைய நண்பரும் ஆதரவாளருமான மார்ஷல் துகாசெவ்ஸ்கி சுட்டுக் கொல்லப்பட்டார். இரவில் கதவு எப்போது தட்டப்படும் என்று பயந்து வாழ்ந்த காலம் அது.

அவர் பிழைத்தார். 1937 நவம்பரில் அரங்கேறிய ஐந்தாவது சிம்ஃபனி அவரைக் காப்பாற்றியது. பெட்டிக்குள் போன நான்காவது சிம்ஃபனியை மக்கள் முதன்முதலில் கேட்டது 1961 டிசம்பர் 30 அன்று. இருபத்தைந்து வருடம் ஒரு இசை மியூட்டில் இருந்தது. ‘ககாஃபனி’ என்று சபிக்கப்பட்ட அந்த ஆப்பரா, இன்று உலகின் பெரிய மேடைகளில் எல்லாம் நடக்கிறது.

காது யாருடையது?

கிரேக்கர்களுக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. தங்களுக்குப் புரியாத மொழி பேசியவர்களை ‘பார்பரோஸ்’ என்றார்கள். அவர்கள் பேசுவது ‘பர்பர்’ என்று கேட்டதாம், அதனால் அந்தப் பெயர். ஹோமரின் இலியட் காவியம், கேரியர்கள் என்ற மக்களை ‘பார்பரோஃபோனோஸ்’ என்று குறிப்பிடுகிறது. பாருங்கள், அங்கேயும் நம் ‘ஃபோனே’. முதலில் ‘புரியாத ஒலி’ என்று இருந்தது, போகப்போக ‘காட்டுமிராண்டி’ என்ற பொருளில் போய் நின்றது. ‘பார்பேரியன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை இதுதான்.

தமிழில் ககாஃபனிக்கு என்ன சொல்லலாம்? இரைச்சல், கூச்சல், அமளி எல்லாம் பக்கத்தில் வரும். ஆனால் கச்சிதமாகப் பொருந்துபவை இரண்டு. ஒன்று, கர்ணகடூரம். கர்ணம் என்றால் காது, கடூரம் என்றால் கடுமை. “கர்ணகடூரமா பாடறான்” என்று தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இன்னொன்று, நாராசம். நாராசம் என்றால் இரும்புக் கம்பி, இரும்பு அம்பு. அதைக் காதில் பாய்ச்சியது போல இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, சகிக்க முடியாத ஒலிக்கே அது பெயராகிவிட்டது.

இரண்டையும் ஒரு முறை திரும்பப் பாருங்கள். கிரேக்கச் சொல், ‘ஒலி கெட்டது’ என்று ஒலியின் மேல் பழி போடுகிறது. நம்முடைய இரண்டு சொற்களும், ‘என் காதுக்கு வலிக்கிறது’ என்று கேட்பவர் பக்கத்திலிருந்து பேசுகின்றன. வலிப்பது காதுக்கு என்று ஒத்துக்கொண்டால், யாருடைய காது என்று கேட்க முடியும்.

எப்படிப் பயன்படுத்துவது?

உச்சரிப்பு: ‘காகோஃபோனி’ இல்லை. முதல் ‘க’வை லேசாகத் தொட்டுவிட்டு, அடுத்த ‘கா’வில் அழுத்தம் கொடுங்கள்: க-காஃ-பனி. பெயரடை வேண்டுமென்றால் ‘ககாஃபனஸ்’.

ஸ்பெல்லிங்: சி-ஏ-சி-ஓ-பி-எச்-ஓ-என்-ஒய். நடுவில் வரும் ‘ஓ’வுக்குப் பதில் ‘ஏ’ போடுவதுதான் பலர் செய்யும் தப்பு. ‘ககோஸ்’ என்பதை நினைவில் வைத்தால் ‘ஓ’ தானாக வந்துவிடும்.

இடம்: பல ஒலிகள் ஒத்துப்போகாமல் மோதும்போது பயன்படுத்துங்கள். ‘எ ககாஃபனி ஆஃப் ஹார்ன்ஸ்’ சரி. ஒரே ஒரு மிக்சி ஓடினால் அது வெறும் நாய்ஸ். வாத்தியக் குழு கச்சேரிக்கு முன்னால் சுருதி சேர்க்கும் அந்த ஐந்து நிமிடம், நல்ல உதாரணம்.

எச்சரிக்கை: மனிதர்கள் பேசுவதை இந்தச் சொல்லால் குறிக்கும் முன் ஒரு நொடி நில்லுங்கள். ‘ககாஃபனி ஆஃப் வாய்ஸஸ்’ என்று செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். யார் என்ன சொன்னார்கள் என்பதை அது சொல்வதில்லை. கேட்க வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறது.

இவ்வளவையும் தங்கையிடம் சொல்லி முடித்தபோது மணி பதினொன்று தாண்டிவிட்டது. “எல்லாம் சரிண்ணா, அன்னைக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்?” என்றாள்.

“நீங்க மூணு பேரும் வேற வேற விஷயமா சொன்னீங்க?”

“இல்லையே. மூணு பேரும் ஒண்ணேதான் சொன்னோம். டெஸ்டிங் முடியலைன்னு.”

“அப்போ அது ககாஃபனி இல்லம்மா. பல குரல் ஒரே ஸ்வரத்துல பாடினா அதுக்கு ‘யூனிசன்’னு பேரு. லத்தீன்ல ‘ஒரே ஒலி’ன்னு அர்த்தம்.”

மறுமுனையில் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“மூணு பேரும் சேர்ந்து மெயில் போடப் போறோம். அதுக்கு ஸ்பெல்லிங் சொல்லுங்கண்ணா” என்றாள்.